ஸ்பிரிங்கில் எழுதிய எண்

மின்மோட்டாரில் இயங்கும் ஏர்சாஃப்ட் துப்பாக்கிக்கு ஸ்பிரிங் வாங்கப் போனால் உறையின் மேல் ஓர் எண் இருக்கும்: எம்90, எம்100, எம்120. அந்த ஸ்பிரிங், 0.2 கிராம் எடையும் 6 மில்லிமீட்டர் விட்டமும் கொண்ட பிளாஸ்டிக் குண்டை விநாடிக்கு எத்தனை மீட்டர் வேகத்தில் வெளியே தள்ளும் என்பதுதான் ஏறத்தாழ அந்த எண்ணின் பொருள். எம்100 தன் பெயருக்கு ஏற்ப நடந்தால் குண்டு 100 மீட்டர் வேகத்தில் கிளம்பும். நிறையில் பாதியை வேகத்தின் இருபடியால் பெருக்கும் பள்ளிக்கூட வாய்பாட்டில் போட்டுப் பார்த்தால், அதன் ஆற்றல் சரியாக 1 ஜூல். இந்த விளையாட்டின் தாய்நாடான ஜப்பானில் 6 மி.மீ. குண்டுக்குச் சட்டம் விடும் எல்லையோ 0.98 ஜூல் அளவுதான். வேகத்தில் சொன்னால் விநாடிக்கு 99 மீட்டர். சட்டம் உண்மையில் பேசுவது குண்டின் குறுக்குப் பரப்புக்கு இத்தனை ஆற்றல் என்ற கணக்கில்: சதுர சென்டிமீட்டருக்கு 3.5 ஜூலை எட்டினால் அது பொம்மை அல்ல. 2006-இல் திருத்தப்பட்ட ஆயுதச் சட்டம் அதைத் தனி வகையாக்கி, வைத்திருப்பதையே தடுக்கிறது. ஆக, உறையில் எழுதியதை அப்படியே நிறைவேற்றும் ஓர் எம்100 ஸ்பிரிங், அங்கே ஒரு விளையாட்டுக்காரரை 0.02 ஜூல் வித்தியாசத்தில் குற்றவாளியாக்கிவிடும்.

ஆனால் அதே எம்100 ஸ்பிரிங்கைப் போட்ட ஒரு துப்பாக்கி 92 மீட்டர் காட்டும். இன்னொன்று 103 காட்டும். ஸ்பிரிங்கில் குறை இருந்தாக வேண்டும் என்பதில்லை. ஸ்பிரிங்குக்கு என்று சொந்தமாக ஒரு வேகம் கிடையாது. அதற்கு உள்ளவை கம்பியின் தடிமன், சுருளின் விட்டம், சுற்றுகளின் எண்ணிக்கை, சும்மா கிடக்கும்போது உள்ள நீளம் ஆகியவையே. வேகம் என்பது ஸ்பிரிங், பிஸ்டன், சிலிண்டர், நுனிக்குழாய், ரப்பர், குழல், குண்டு எல்லாம் சேர்ந்து தரும் விளைவு. கூட்டாகப் பிறக்கும் ஒரு விளைவை ஒற்றைப் பாகத்தின் உறையில் அச்சடித்து விற்கிறார்கள். ஸ்பிரிங்கைத் தேர்ந்தெடுப்பதிலும் பராமரிப்பதிலும் நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த ஒரு குழப்பத்திலிருந்தே கிளைக்கின்றன என்பது என் வாதம். எண்ணை நம்பி வலுவான ஸ்பிரிங்கைத் தேடுவது தலைகீழான வேலை. முதலில் மற்ற பாகங்களைச் சரிசெய்து, அதன் பிறகு எல்லைக்குள் நிற்கக்கூடிய மிக மென்மையான ஸ்பிரிங்கைத் தேட வேண்டும்.

1991-இல் தோக்கியோ மாருய் நிறுவனம் பிரெஞ்சு ஃபாமாஸ் துப்பாக்கியின் வடிவில் வெளியிட்ட மின் துப்பாக்கிதான் இந்த வகைக்கு முன்மாதிரி. அதன் உள்ளமைப்பு இன்றுவரை பெரிதாக மாறவில்லை. கியர் பாக்ஸ் எனும் உறைக்குள் உள்ள மூன்று பற்சக்கரங்களை மோட்டார் சுழற்றுகிறது. கடைசிச் சக்கரத்தின் சுற்றளவில் ஒரு பகுதிக்கு மட்டுமே பற்கள் உண்டு. அந்தப் பற்கள் பிஸ்டனின் அடியிலுள்ள பல்வரிசையைப் பிடித்துப் பின்னால் இழுக்க, பிஸ்டனுக்குப் பின்னே உள்ள ஸ்பிரிங் நசுங்குகிறது. பல் இல்லாத பகுதி வந்ததும் பிடி விடுகிறது. பிஸ்டன் முன்னோக்கிப் பாய்ந்து சிலிண்டரிலுள்ள காற்றை நசுக்க, அந்தக் காற்று நுனிக்குழாய் வழியே வந்து குண்டைத் தள்ளுகிறது. ஸ்பிரிங் குண்டைத் தொடுவதே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். நடுவில் நிற்பது காற்று. காற்று கசியும் ஒவ்வோர் இடுக்கும் ஸ்பிரிங்கின் உழைப்பில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது.

ஸ்பிரிங்கில் சேரும் ஆற்றலுக்கு ஹூக் விதி போதும். ராபர்ட் ஹூக் 1676-இல் எழுத்துகளைக் கலைத்துப் புதிராக வெளியிட்டு, 1678-இல் விடுவித்துக் காட்டிய விதி அது: நீட்சி எவ்வளவோ விசையும் அவ்வளவு. கணக்குக்காக ஒரு ஸ்பிரிங்கை எடுத்துக்கொள்வோம். சும்மா இருக்கும்போது 160 மி.மீ. நீளம், ஒரு மில்லிமீட்டர் அழுத்த 0.8 நியூட்டன் விசை தேவை. கியர் பாக்ஸுக்குள் பூட்டும்போதே அது 50 மி.மீ. அழுந்திவிடுகிறது. பிஸ்டன் இன்னும் 60 மி.மீ. பின்னால் போகிறது; மொத்த அழுத்தம் 110 மி.மீ. பிஸ்டன் பாயும்போது ஸ்பிரிங் தரும் ஆற்றல், 110-இன் இருபடியிலிருந்து 50-இன் இருபடியைக் கழித்து 0.4-ஆல் பெருக்கினால் கிடைக்கும்: சுமார் 3.8 ஜூல். குண்டுக்குப் போய்ச் சேர்வதோ 1 ஜூலுக்கும் குறைவு. மீதி பிஸ்டன் சிலிண்டர் தலையில் மோதும் அடியிலும், காற்று சூடாவதிலும், உராய்விலும், கசிவிலும் தீர்ந்துபோகிறது. இவ்வளவு பெரிய இழப்பை உள்ளே வைத்துக்கொண்டு ஆற்றலைக் கூட்ட ஸ்பிரிங்கை மட்டும் மாற்றுவது, ஓட்டைக் குடத்தை நிரப்ப வாளியைப் பெரிதாக்குவது போலத்தான்.

அதே கணக்கு இன்னொன்றையும் காட்டுகிறது. பூட்டும்போதே அழுந்தும் அந்த 50 மி.மீ. மிக முக்கியமானது. ஸ்பிரிங் அழுந்தும்போது அதன் இரு முனைகளும் ஒன்றுக்கொன்று சற்றுத் திரும்பும். அந்தத் திருகல் தடையில்லாமல் நடக்கட்டும் என்று பலர், ஸ்பிரிங்கை நேராகப் பிடிக்கும் வழிகாட்டித் தண்டில் பேரிங் வைத்ததைப் போடுகிறார்கள். நல்ல பாகம்தான். ஆனால் பேரிங்குக்கும் தடிமன் உண்டு. அது 5 மி.மீ. இடத்தை அடைத்தால் 50 என்பது 55 ஆகும், 110 என்பது 115 ஆகும். ஆற்றல் ஆறு சதவீதத்துக்கு மேல் கூடும். ஆற்றலின் இருபடி மூலத்தைப் பொறுத்தே வேகம் மாறுவதால் வேகம் மூன்று சதவீதம் ஏறும். 97 மீட்டரில் சட்டத்துக்குள் நின்ற துப்பாக்கி, ஸ்பிரிங்கை மாற்றாமலேயே 100-ஐத் தொட்டுவிடும். உறையிலுள்ள எண் இதை முன்கூட்டிச் சொல்லாது. வேகமானியில் சுட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

வலுவான ஸ்பிரிங்கை நாடுவோர் சொல்லும் முதல் காரணம் தூரம். வேகம் கூடினால் குண்டு தொலைவு போகும் என்பது கேட்கும்போதே உண்மை போலத் தோன்றும். ஆனால் இந்தக் குண்டு எவ்வளவு இலேசானது என்பதை அந்த எண்ணம் மறந்துவிடுகிறது. 0.2 கிராம் குண்டின் எடை சுமார் 0.002 நியூட்டன். விநாடிக்கு 100 மீட்டரில் போகும் 6 மி.மீ. கோளத்தின் மேல் காற்று தரும் தடை, கோளங்களுக்கான வழக்கமான இழுவைக் குணகத்தைக் கொண்டு கணக்கிட்டால், 0.076 நியூட்டன் அளவுக்கு வரும். எடையைப் போல நாற்பது மடங்கு! குழலை விட்டு வெளியே வந்த நொடியில், அந்தக் குண்டைத் தரை இழுப்பதைவிட நாற்பது மடங்கு வலுவாகக் காற்று பின்னுக்குத் தள்ளிக்கொண்டிருக்கிறது. விளைவு, 18 மீட்டர் கடப்பதற்குள் வேகம் பாதியாகிவிடும். காற்றுத்தடை வேகத்தின் இருபடியைப் பின்பற்றுவதால், வேகமாகக் கிளம்பும் குண்டு அந்த வேகத்தை இன்னும் விரைவாகத் தொலைக்கிறது. 100 மீட்டரில் கிளம்பும் குண்டு ஏறத்தாழ 2.8 மீட்டர் தூரம் போனதுமே 90 மீட்டர் வேகத்துக்கு இறங்கிவிடும். அங்கிருந்து அது எம்90 ஸ்பிரிங் தள்ளிய குண்டேதான். மூன்று மீட்டருக்கும் குறைவான தூரம் முன்னால் நின்று சுட்டதற்குச் சமம். ஸ்பிரிங்கிலிருந்து 23 சதவீதம் கூடுதல் ஆற்றலைப் பெற்றதற்குக் கைக்குக் கிடைப்பது மூன்று எட்டு வைக்கும் தூரம்.

வேகமும் தூரமும் பற்றிய இந்தக் கணக்கை நான் மீண்டும் மீண்டும் போட்டுப் பார்க்கச் சொல்வேன், ஏனெனில் உள்ளுணர்வு அதை ஏற்க மறுக்கிறது. 30 மீட்டர் தொலைவில் 90-இல் கிளம்பிய குண்டு விநாடிக்கு சுமார் 28.6 மீட்டரிலும், 100-இல் கிளம்பியது 31.8 மீட்டரிலும் போய்ச் சேரும். தொடக்கத்தில் இருந்த பத்து மீட்டர் வித்தியாசம் மூன்றாகச் சுருங்கிவிட்டது. இனி எடையை மாற்றிப் பார்ப்போம். ஆற்றல் அதே 0.98 ஜூல்; குண்டு 0.25 கிராம். கிளம்பும் வேகம் 88.5 மீட்டர்தான், 0.2 கிராம் குண்டைவிடப் பத்து மீட்டர் குறைவு. ஆனால் கனமான குண்டு காற்றுக்கு எளிதில் பணிவதில்லை. ஏறத்தாழ 15 மீட்டர் தூரத்தில் இரண்டின் வேகமும் சமமாகும். அதற்கப்பால் கனமானதே முன்னே. 30 மீட்டரில் 0.2 கிராம் குண்டிடம் மீந்திருப்பது சுமார் 0.1 ஜூல், 0.25 கிராம் குண்டிடம் 0.16 ஜூல். ஒரு ஸ்பிரிங்கையும் தொடாமல், ஒரு திருகையும் கழற்றாமல், குண்டுப் பொட்டலத்தை மாற்றியதால் கிடைத்த லாபம் இது. வலுவான ஸ்பிரிங் தருவதாகச் சொல்லும் எதையும் இது மிஞ்சுகிறது.

தூரத்துக்கு இன்னொரு சொந்தக்காரரும் உண்டு. குழலின் பின்முனையில் மேலிருந்து அழுத்தும் சிறு ரப்பர், கடந்து போகும் குண்டைப் பின்னோக்கிச் சுழல வைக்கிறது. சுழலும் கோளத்தைக் காற்று ஒரு பக்கம் தூக்கும் மேக்னஸ் விளைவு குண்டை மிதக்கவிடுகிறது. இந்தச் சுழற்சி இல்லாவிட்டால் 30 மீட்டரைக் கடக்க எடுக்கும் அரை விநாடிக்குச் சற்று மேற்பட்ட நேரத்தில் குண்டு ஒரு மீட்டருக்கு மேல் தாழ்ந்துவிடும், அதாவது நின்று சுட்டால் தரையை நெருங்கிவிடும். 90-இலிருந்து 100-க்கு வேகத்தைக் கூட்டினால் இந்தத் தாழ்வு நாற்பது சென்டிமீட்டர்கூடக் குறைவதில்லை. ரப்பர் முழுத் தாழ்வையும் ஏந்திக்கொள்கிறது. ரப்பர் தேய்ந்த துப்பாக்கிக்கு எந்த எண் போட்ட ஸ்பிரிங்கும் தூரத்தைத் திருப்பித் தராது.

இதற்கு ஒரு நியாயமான மறுப்பு வரும். ஜப்பானின் எல்லை இறுக்கமானது. வேறு நாடுகளில் இடம் இருக்கிறதே, அங்கே வலுவான ஸ்பிரிங் பயன்படலாம் அல்லவா? பிரிட்டனில் 2017-ஆம் ஆண்டுச் சட்டப்படி, தொடர்ந்து சுடும் துப்பாக்கிக்கு 1.3 ஜூல்வரை, ஒற்றை ஒற்றையாகச் சுடுவதற்கு 2.5 ஜூல்வரை அனுமதி உண்டு. உண்மைதான், அங்கே எம்110 போன்ற ஸ்பிரிங்குக்கு இடம் இருக்கிறது. ஆனால் 0.98-இலிருந்து 1.3-க்கு ஏறினால் கிடைப்பது, அதே காற்றுத்தடைக் கணக்கில், 0.25 கிராம் குண்டுக்குக்கூட ஐந்து மீட்டருக்கும் குறைவான முன்தூரம்தான். மிகக் கனமான குண்டுகளை ஒற்றையாகச் சுடும் தொலைதூரத் துப்பாக்கிகளுக்கு வலுவான ஸ்பிரிங் தேவை என்பதை மறுக்கவில்லை. அந்தக் குண்டை நகர்த்தவே ஆற்றல் வேண்டும். என் வாதம் அதற்கு எதிரானதல்ல. தேவையைக் குண்டின் எடையிலிருந்தும் ஆட்டக்களத்தின் எல்லையிலிருந்தும் கணித்துவிட்டுப் பிறகு ஸ்பிரிங்குக்கு வர வேண்டும் என்றுதான் சொல்கிறேன்.

அந்த ஐந்து மீட்டருக்குக் கொடுக்கும் விலை கியர் பாக்ஸுக்குள் இருக்கிறது. நம் உதாரண ஸ்பிரிங்கை விநாடிக்குப் பதினைந்து முறை அழுத்த, ஸ்பிரிங்குக்கு மட்டுமே கிட்டத்தட்ட 58 வாட் திறன் தேவை. 23 சதவீதம் வலுவான ஸ்பிரிங் என்றால் அது 71 வாட் ஆகும். மோட்டாரும் கம்பிகளும் பேட்டரியும் அந்தச் சுமையை ஒவ்வொரு சுற்றிலும் தாங்க வேண்டும். சுடும் வேகம் குறையும், பேட்டரி சீக்கிரம் தீரும், துப்பாக்கியின் சுடுவிசையிலுள்ள தொடுமுனைகள் கருகும். பிஸ்டனின் பற்களில் கடைசிப் பல்தான் ஸ்பிரிங்கின் உச்ச விசையைப் பிடித்துக்கொண்டு நின்று விடுவிப்பது. பிளாஸ்டிக் பல்வரிசை சிதைவது பெரும்பாலும் அதில்தான் தொடங்குகிறது. பரவலாகப் புழங்கும் இரண்டாம் வடிவக் கியர் பாக்ஸின் வார்ப்பு உறை, முன்பக்கம் சிலிண்டருக்காக வெட்டிவிட்ட சன்னலின் மூலையில் விரிசல் விடுவது இந்தத் துறையில் எல்லோரும் அறிந்த நோய். பிஸ்டன் ஒவ்வொரு முறையும் அங்கேதான் மோதி நிற்கிறது. கூர்மையான மூலையில் தகைவு குவியும் என்பது பொறியியலின் பால பாடம். ஸ்பிரிங்கில் ஏற்றிய கூடுதல் ஆற்றலில் பெரும்பகுதி குண்டுக்குப் போகாமல் அந்த மூலைக்கே போகிறது.

மென்மையான ஸ்பிரிங்குக்கு எதிராக ஒரு தொழில்நுட்ப மறுப்பும் உண்டு, அது வலுவானது. சுடும் வேகம் அதிகமாக இருக்கும்போது ஸ்பிரிங் மெலிந்ததாக இருந்தால், பிஸ்டன் முழுதாக முன்னால் போய்ச் சேருமுன்னே பற்சக்கரத்தின் அடுத்த சுற்று வந்து அதைப் பாதிவழியில் பிடித்துவிடும். பற்கள் தவறான இடத்தில் கடித்து ஒரே நொடியில் உடையும். எண்களைப் பார்ப்போம். விநாடிக்குப் பதினைந்து குண்டு என்றால் ஒரு சுற்றுக்கு 67 மில்லி விநாடி. அதில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் பல் இல்லாத நேரம் என்று குறைத்தே கொண்டாலும் 22 மில்லி விநாடி கிடைக்கிறது. முப்பது கிராம் அளவுள்ள பிஸ்டனை நம் உதாரண ஸ்பிரிங் முன்னே தள்ளி முடிக்க எட்டு மில்லி விநாடி அளவு போதும். இரண்டுக்கும் நடுவே தாராளமான இடைவெளி இருக்கிறது. ஆனால் விநாடிக்கு நாற்பது குண்டு என்று மோட்டாரை முடுக்கினால் 22 என்பது எட்டாகிவிடும்; இடைவெளி மறைந்துவிடும். ஆக, அந்த மறுப்பு மிக வேகமாகச் சுடுவதற்கென்று மாற்றியமைத்த துப்பாக்கிகளுக்குப் பொருந்தும். கடையிலிருந்து வந்த வேகத்தில் சுடும் துப்பாக்கிக்குப் பொருந்தாது. அப்படி மாற்றியமைத்தவற்றிலும் ஸ்பிரிங்கை வலுப்படுத்துவதற்கு முன் பிஸ்டனின் எடையைக் குறைப்பதுதான் நல்ல வழி.

இனி ஸ்பிரிங்கின் உடலுக்கு வருவோம். சுருள்வில் அழுந்தும்போது கம்பி வளைவதில்லை, முறுக்கப்படுகிறது. அதனால் அதன் விறைப்பு கம்பித் தடிமனின் நான்காம் அடுக்கைப் பொறுத்து ஏறுகிறது. சுருள் விட்டத்தின் மும்மடிக்கும் சுற்றுகளின் எண்ணிக்கைக்கும் எதிராக இறங்குகிறது. தடிமன் பத்து சதவீதம் கூடினால் விறைப்பு 46 சதவீதம் கூடும். 1.4 மி.மீ. கம்பிக்கும் 1.5 மி.மீ. கம்பிக்கும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் மற்றவை சமமென்றால் விறைப்பில் முப்பது சதவீதத்துக்கு மேல் வித்தியாசம். பெயர் தெரியாத மலிவான ஸ்பிரிங்குகளில் ஒரே எண் போட்ட இரண்டு, இருவேறு வேகம் காட்டுவதற்கு இந்த நான்காம் அடுக்கே போதுமான காரணம். கம்பி இழுக்கும் ஆலையில் நேரும் சிறு விலகலை அது பெரிதாக்கிக் காட்டிவிடும். பியானோக் கம்பி என்று அழைக்கப்படும் உயர்கரிமக் கம்பியோ, சிலிக்கானும் குரோமியமும் கலந்து எண்ணெயில் பதப்படுத்திய கம்பியோ நல்ல ஸ்பிரிங்கின் அடையாளம். பின்னது நீண்டகால அழுத்தத்தையும் சூட்டையும் கூடுதலாகத் தாங்கும்.

வேகம் எல்லையைத் தாண்டிவிட்டால் ஸ்பிரிங்கை வெட்டிக் குறைக்கும் பழக்கம் இருக்கிறது. வெட்டினால் சுற்று குறையும், விறைப்பு கூடும், அதனால் வேகம் ஏறும் என்று சிலர் எச்சரிப்பார்கள். விறைப்பு கூடுவது உண்மை. ஆனால் நீளமும் குறைவதால் முன்னழுத்தம் குறைகிறது. நம் உதாரண ஸ்பிரிங்கில் பத்தில் ஒரு பங்கை வெட்டினால் விறைப்பு 0.89 ஆகும்; அழுத்தங்கள் 34, 94 என்று இறங்கும்; ஆற்றல் 3.4 ஜூலாகக் குறையும். வேகம் ஆறு சதவீதம் இறங்கும். ஆகவே வெட்டுவது வேலை செய்கிறது. நான் அதை மறுப்பதற்குக் காரணம் வேறு. ஆலையில் ஸ்பிரிங்கின் கடைசிச் சுற்றை மூடித் தட்டையாக அரைத்திருப்பார்கள். அது அச்சுக்கு நேராக உட்காரவே அந்த வேலை. வெட்டிய முனை ஒரு புள்ளியில் மட்டும் ஊன்றி நிற்கும். ஸ்பிரிங் ஒரு பக்கம் சாய்ந்து வழிகாட்டித் தண்டிலும் பிஸ்டனின் உட்சுவரிலும் உரசும். அரைத்தூள் கிரீஸில் கலந்து பற்சக்கரங்களுக்குள் போகும். தட்டையாக்க வேண்டுமென்று முனையை நெருப்பில் பழுக்கவைத்தால் பதம் போய், அந்த இடம் சாதாரண இரும்புக் கம்பியாகிவிடும். ஓர் எண் கீழே உள்ள புது ஸ்பிரிங்கின் விலை இந்தச் சேதங்களோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு.

ஸ்பிரிங் எப்படி மூப்படைகிறது? மூன்று வழிகள். மீட்சி எல்லைக்கு நெருங்கிய தகைவில் நீண்ட நேரம் வைத்திருந்தால் உலோகத்தின் படிக அடுக்குகள் மெல்ல இடம் பெயர்ந்து, நீளம் நிரந்தரமாகக் குறையும். திரும்பத் திரும்பச் சுமை ஏறி இறங்குவதால் உலோகச் சோர்வு வரும். சுருளின் உட்பக்கத்தில் தகைவு அதிகம் என்பதால் விரிசல் பெரும்பாலும் அங்கே பிறக்கும். துரு மூன்றாவது, ஊசிமுனை அளவு துருக்குழிகூட அந்தச் சோர்வு விரிசலுக்கு வித்தாகும். முதல் வழியைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள், ஸ்பிரிங்கை அழுத்திய நிலையில் வைக்காதே என்று. அதற்கு எதிராக ஓர் அருமையான சான்றையும் காட்டுவார்கள்: பழைய காரின் இஞ்சின் பல வருடம் ஓடாமல் நின்றாலும், அதில் சில வால்வுகள் திறந்தபடியே நின்று அவற்றின் ஸ்பிரிங்குகள் முழுதாக அழுந்தியே கிடக்கும், மறுபடி இஞ்சினைக் கிளப்பினால் அவை ஒழுங்காக வேலை செய்கின்றன. அப்படியானால் இந்தப் பயம் மூடநம்பிக்கையா? இல்லை. வால்வு ஸ்பிரிங்கை வடிவமைப்பவர் கோடிக்கணக்கான சுற்றுகளுக்குத் திட்டமிட்டு, தகைவை மீட்சி எல்லைக்கு வெகு கீழே வைக்கிறார். ஏர்சாஃப்ட் ஸ்பிரிங்கோ சிறிய குழிக்குள் நீளமான வீச்சைத் திணிக்க வேண்டியிருப்பதால், முழுதாக அழுந்தும்போது சுற்றுகள் ஒன்றையொன்று தொட நெருங்கிவிடும். அங்கே உள்ள இடைவெளி குறைவு. தளர்ச்சி நேரத்தோடு சீராக வளர்வதும் இல்லை. தொடக்கத்தில் வேகமாக வந்து பிறகு மெதுவாகும். எனவே ஓர் இரவு அழுந்திக் கிடந்தால் அஞ்ச வேண்டியதில்லை. மாதக்கணக்கில் அலமாரியில் அப்படி வைப்பதற்குத்தான் காரணமே இல்லை. புது ஸ்பிரிங் முதல் சில நூறு குண்டுகளில் சற்று இறங்கி நிலைபெறுவதும் இதே காரணத்தால்தான். அது நிலைபெற்ற பிறகு எடுத்த அளவையே நம்ப வேண்டும்.

தொடர்ந்து சுடும்போது சுடுவிசையை விட்டால் பிஸ்டன் பாதி இழுபட்ட நிலையில் நின்றுவிடக்கூடும். பற்சக்கரம் பின்னோக்கிச் சுழலாமல் ஒரு தாழ்ப்பாள் தடுத்துக்கொண்டிருக்கும். ஒற்றைச் சுடும் நிலையில் சக்கரம் ஒரு சுற்று முடிந்ததும் மின்சாரம் துண்டிக்கப்படுவதால் ஸ்பிரிங் பொதுவாகத் தளர்ந்த நிலைக்கு அருகில் நிற்கும். ஆகவே எடுத்துவைக்கும் முன் குண்டுப்பெட்டியைக் கழற்றி, குழலில் தங்கிய குண்டை வெளியேற்றி, கண்ணாடி அணிந்தபடி பாதுகாப்பான திசையில் ஒற்றை நிலையில் ஓரிரு முறை சுட்டுவிட்டுப் பேட்டரியைப் பிரித்துவிட வேண்டும். குண்டில்லாமல் நெடுநேரம் சுடுவது நல்லதல்ல. முன்னால் தடுக்கும் காற்றழுத்தம் குறைந்து பிஸ்டன் கூடுதல் வேகத்தில் மோதும். ஓரிரு முறையால் கெடுதல் இல்லை. கியர் பாக்ஸைத் திறப்பவர்களுக்கு ஒரு சொல்: உள்ளே ஸ்பிரிங் தளர்ந்திருக்கும்போதும் 40 நியூட்டன் விசையோடு வழிகாட்டித் தண்டைத் தள்ளிக்கொண்டிருக்கிறது. பின்பக்கம் திருப்புளி நுழைத்து அதைப் பிடித்துக்கொள்ளாமல் உறையைப் பிரித்தால் தண்டு கண்ணை நோக்கிப் பாயலாம்.

வேகம் குறைந்துவிட்டது என்று தோன்றினால் ஸ்பிரிங்கைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுமுன் வேகமானியில் பத்துக் குண்டு சுட்டு எண்களை எழுதிப் பார்க்க வேண்டும். எல்லாம் ஒன்றையொன்று ஒட்டி இருந்து, சராசரி மட்டும் பல மாதங்களாகச் சிறிது சிறிதாக இறங்கியிருந்தால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம்; கழற்றி, அதே வகைப் புது ஸ்பிரிங்கின் பக்கத்தில் நிறுத்தி நீளத்தை ஒப்பிட்டால் தெரிந்துவிடும். எண்கள் 82, 94, 88 என்று சிதறினால் ஸ்பிரிங் நிரபராதி. உலோகச் சுருளுக்குக் குண்டுக்குக் குண்டு மனம் மாறாது. அது பிஸ்டன் தலையின் வளையத்திலோ, நுனிக்குழாயிலோ, சுழற்சி ரப்பரிலோ காற்று கசிவதன் அடையாளம். சிலிண்டர் தலையையும் நுனிக்குழாயையும் சிலிண்டரில் பொருத்தி, நுனியை விரலால் அடைத்துப் பிஸ்டனைக் கையால் தள்ளினால், கசிவில்லாதபோது அது காற்று மெத்தையில் அமுக்கியது போல எதிர்த்து நிற்கும். மெல்ல உள்ளே வழுக்கிப் போனால் கசிவு இருக்கிறது. ரப்பர் வளையத்துக்குச் சிலிக்கான் கிரீஸ்தான் ஏற்றது. பெட்ரோலிய எண்ணெய் சில ரப்பர்களை உப்பவைக்கும். ஸ்பிரிங்குக்கும் வழிகாட்டித் தண்டுக்கும் மெல்லிய பூச்சு போதும், அது துருவையும் அதிர்வின் ரீங்காரத்தையும் தடுக்கும். சுற்றுகள் ஒரு முனையில் நெருக்கமாகவும் மறுமுனையில் அகலமாகவும் இருக்கும் ஸ்பிரிங்கை எந்தப் பக்கம் வைப்பது என்ற சண்டைக்கும் இயற்பியலில் விடை உண்டு. ஒரு முனை நிலையாக நிற்கும் சீரான ஸ்பிரிங்கில் அதன் நிறையில் மூன்றில் ஒரு பங்கு பிஸ்டனோடு சேர்ந்து ஓடுவதாகக் கணக்கு. நெருக்கமான, அதாவது கனமான, முனையை நிலையான பக்கம் வழிகாட்டித் தண்டில் வைத்தால் ஓடும் நிறை குறையும்; மோதலும் குறையும்.

இந்த வேலைகளை முடித்து, கசிவை அடைத்து, ரப்பரை மாற்றிய பிறகு அதே எம்90 ஸ்பிரிங் 97 மீட்டர் காட்டுவதுண்டு. ஆற்றலில் அது 0.94 ஜூல். உறையிலுள்ள எண்ணைவிட ஏழு மீட்டர் கூடுதலான அந்த வேகம் முன்பே ஸ்பிரிங்குக்குள் இருந்ததுதான். இடுக்குகளில் கசிந்து போய்க்கொண்டிருந்தது. ஜப்பானில் ஆட்டக்களங்கள் வாசலிலேயே வேகத்தைச் சோதித்துத்தான் துப்பாக்கியை உள்ளே விடுகின்றன. அங்கே 98.5 காட்டும் துப்பாக்கியைக் கொண்டு நிற்பதைவிட 95 காட்டுவதைக் கொண்டு நிற்பது மேல். குண்டுகளின் எடையில் வரும் சிறு விலகல், புதிதாகப் பூசிய கிரீஸ், வேகமானியின் பிழை என ஏதாவது ஒன்று மீதி அரை மீட்டரை எளிதில் விழுங்கிவிடும். 99-க்கு அருகே நிற்கும் துப்பாக்கியில் அடுத்து மாற்ற வேண்டியது ஸ்பிரிங்தான், ஓர் எண் கீழே.